மன்னிப்புக் கடிதத்தின் காலிக் கோடு

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்தார். "மேடம், பழைய ரெக்கார்டு ரூமைக் காலி பண்றோம். அபாலஜி லெட்டர்னு ஒரு கட்டு இருக்கு, கரையான் அரிச்சிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்றதற்கு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்லூரி ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு எதையும் எழுதிக் கொடுத்துத்தான் பழக்கம். எழுதி வாங்காமல் ஒரே ஒரு முறை காரியம் செய்தேன். அந்தக் கதைதான் இது.

அந்தக் கட்டில் இருப்பதெல்லாம் ஒரே படிவம். வருடா வருடம் ஆபீஸ் அட்டெண்டர் காதர் பாய் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றி, கையெல்லாம் மையாக, ஒரு பெரிய கட்டு அச்சடித்து அலமாரியில் வைப்பார். ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நான், இன்ன வகுப்பு, இன்ன பெயர், ............ என்னும் தவறைச் செய்தேன். இதற்காக மனமார வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது." நடுவில் இருக்கும் கோட்டில் மாணவன் தன் குற்றத்தை எழுத வேண்டும். கிளாசுக்கு லேட், லேபில் பீக்கர் உடைத்தது, கான்டீனில் அடிதடி, பரீட்சையில் பிட்டு, எல்லாவற்றுக்கும் அதே தாள்தான். காய்ச்சல், வயிற்றுவலி, கால் சுளுக்கு எதுவானாலும் ஒரே சிவப்பு மாத்திரை கொடுக்கும் கம்பவுண்டரைப் போல நாங்கள் அதை நீட்டுவோம். பையன்கள் இரண்டு நிமிடத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். யாரும் எதற்கும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் அப்போது ஹெட் கிளார்க். சூப்பரின்டென்டென்ட் நாற்காலி காலியாக இருந்ததால் அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தரம் செய்யும் ஆர்டர் வரும், வரும் என்று காத்திருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த அசிங்கத்துக்கு வேறு காரணம் கிடையாது.

லைப்ரரி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுவர்ப் பத்திரிகை இருந்தது. மாணவர்கள் சார்ட் பேப்பரில் கையால் எழுதுவார்கள். அதற்குப் பொறுப்பான இங்கிலீஷ் லெக்சரர் கையெழுத்துப் போடுவார். ஆபீசில் நான் சீல் குத்துவேன். படித்துவிட்டுக் குத்த வேண்டும் என்பது விதி. நான் சார்ட் பெட்டிக்குள் அடங்குமா என்று மட்டும் பார்த்துக் குத்துவேன். பத்து வருடமாக அப்படித்தான். அதில் என்ன இருக்கப்போகிறது, மழைக்காலம் பற்றிய கவிதையும் கிரிக்கெட் படமும்தானே என்ற அலட்சியம்.

அந்த வாரச் சார்ட்டில் அமுதா என்ற மூன்றாம் வருட பி.எஸ்சி. மாணவி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எங்கள் அல்சூர்ப் பெண். ஏரிக்குப் பின்பக்கம் வீடு. அப்பா ஒரு பெரிய கிளப்பின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தார். அவர்கள் பௌத்தக் குடும்பம், அவள் தாத்தா காலத்திலிருந்தே. கல்லூரியில் எந்த விழா என்றாலும் முதலில் குத்துவிளக்கு ஏற்றி சரஸ்வதி மேல் ஒரு பாட்டுப் பாடுவார்கள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இந்தப் பெண் மூன்று வருடமாக உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரிகள் இடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பக்கம். நல்ல கன்னடத்தில் எழுதியிருந்தாள். "நீங்கள் நிற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு நம்பிக்கை இல்லாத இடத்தில் நம்புவதுபோல எழுந்து நிற்பது உங்களையும் ஏமாற்றுவது, உங்கள் தெய்வத்தையும் ஏமாற்றுவது. அதனால் உட்கார்ந்திருக்கிறேன்." விஷயம் அவ்வளவே. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு சாமியைத் திட்டியது கிடையாது. நான் அதைப் படித்ததே கண்ணாடி உடைந்த பிறகுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்துப் பையன்கள் பெட்டியை உடைத்துச் சார்ட்டைக் கிழித்தார்கள். பிறகு ஆபீசுக்கு வந்து, "நம்ம பாவனெகே தக்கெ ஆகிதெ மேடம்," என்று என் மேஜையைத் தட்டினார்கள். அவர்கள் உணர்வுக்கு அடி விழுந்துவிட்டதாம். முன்னால் நின்றவனுடைய பெரியப்பா எங்கள் நிர்வாகக் கமிட்டியில் இருந்தார். அவனுக்கு ஏற்கெனவே அந்தக் கட்டில் நான்கு மன்னிப்புக் கடிதம் உண்டு. பாட்டுப் பாடும்போது அவன் ஆடிட்டோரியத்துக்குள் இருந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, கான்டீன் பக்கம்தான் நிற்பான்.

மறுநாள் இன்னொரு கூட்டம் கேட்டுக்கு வெளியே வந்து நோட்டீஸ் கொடுத்தது. பேச்சுச் சுதந்திரத்தைக் காப்போம் என்று பெரிய எழுத்தில். அமுதாவின் பெயரை மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் இல்லை. அவள் அந்த நோட்டீசை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் இனிஷியலே தப்பு," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கோஷம் போட்டார்கள். மூன்றாம் நாள் மழை வந்தது, போய்விட்டார்கள்.

சார்ட்டில் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் லெக்சரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருத்துச் சுதந்திரம் பற்றி ஊர் ஊராகக் கட்டுரை வாசிக்கிற மனிதர். போகும்போதெல்லாம் ஆன் டியூட்டி லீவுக்கு என்னிடம்தான் வருவார். பெட்டி உடைந்த பிறகு அவர் வரவில்லை, அவருடைய மெடிக்கல் சர்டிபிகேட் வந்தது. முதுகுவலி, பத்து நாள் படுக்கை. முதுகெலும்பு இருந்தால்தானே வலிக்கும் என்று காதர் பாய் முணுமுணுத்தார்.

பிரின்சிபால் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார். அவர், நிர்வாகத்தின் வக்கீல், காமர்ஸ் புரொபசர், கன்னட புரொபசர், குறிப்பெழுத நான். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. ஹால் டிக்கெட் கட்டு யூனிவர்சிட்டியிலிருந்து வந்து இறங்கியிருந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெண்ணோடதை மட்டும் தனியா எடுத்து வைங்க. மன்னிப்புக் கடிதம் வந்ததும் கொடுக்கலாம்," என்றார். வாயால்தான். நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுத்தந்த ஹெட் கிளார்க், வெற்றிலை வாயோடு பேசும் ஒரு மனுஷி, அடிக்கடி சொல்வார்: "வாய்ல வர்ற ஆர்டர் வாயோட போயிடும்டி. ஃபைல்ல நிக்கிறது உன் கையெழுத்து." அது என் காதில் அப்போதும் கேட்டது. கேட்டும், "சரி சார்," என்று சொல்லி டிக்கெட்டை என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் அல்லவா.

அமுதாவைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினேன். படித்தாள். "மேடம், இந்தக் கோட்டுல என்ன எழுதணும்?" என்றாள்.

"நீ செஞ்ச தப்பை எழுதும்மா."

"என்ன தப்புன்னு சொல்லுங்க, எழுதறேன்."

திமிர் இல்லை அதில். பாங்கில் சலான் நிரப்புகிறவர்கள் கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள். கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கேட்டதுதான் கேட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க நான்கு படித்த மனிதர்கள் ஒரு கோட்டை நிரப்ப உட்கார்ந்தார்கள். உங்கள் ஆயுசில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"மத உணர்வைப் புண்படுத்தினேன்னு எழுதச் சொல்லுங்க," என்றார் பிரின்சிபால். வக்கீல் துள்ளி எழுந்தார். "அது கிரிமினல் குற்றம் சார். அவ ஒத்துக்கிட்டு எழுதினா, அதுக்கு அனுமதி கொடுத்தது யாரு? நம்ம லெக்சரர் கையெழுத்து, நம்ம ஆபீஸ் சீல். நாமளும் சேர்ந்து உள்ள போகணும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"அப்போ, அனுமதி இல்லாம ஒட்டினேன்னு எழுதட்டும்," என்றார் காமர்ஸ் புரொபசர். சீல் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன் என்று வக்கீல் அவரை ஒரு பார்வை பார்த்தார். மனிதர் அந்த நேரம் டீ குடித்துக்கொண்டிருந்தார் போல.

"பிரார்த்தனையின்போது எழுந்து நிக்கலைன்னு எழுதலாமே?" பிரின்சிபாலுக்கு இதில் பெரிய திருப்தி. எந்த விதி என்று வக்கீல் கேட்டார். கல்லூரியின் விதிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். சைக்கிள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம் இருந்தது. எழுந்து நிற்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போது கன்னட புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் காமர்ஸ் சாரும் முழங்கால் வலி என்று வருடக்கணக்காக உட்கார்ந்தேதானே இருக்கிறார், அவரிடமும் கடிதம் வாங்குவதா என்று கேட்டார். காமர்ஸ் புரொபசருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் முழங்காலுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். அதில் கால் மணி நேரம் போயிற்று.

கடைசியாக, "கல்லூரியின் அமைதியைக் கெடுத்தேன்" என்றார்கள். சரி, கண்ணாடியை உடைத்தது யார்? பத்துப் பையன்கள். அவர்களிடமும் கடிதம் வாங்க வேண்டுமே. நிர்வாகக் கமிட்டிப் பெரியப்பாவின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்த யோசனையும் போயிற்று.

காதர் பாய் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகும்போது என் காதருகே குனிந்தார். "மூணு வாட்டி சாய் போச்சு மேடம், கோடு மட்டும் அப்டியே காலியாவே கீது."

அந்தக் கன்னட புரொபசரைப் பற்றி ஒன்று. முந்தின நாள் வராண்டாவில் என்னிடம், "எஷ்டு சென்னாகி பரெதித்தாளெ அந்தப் பொண்ணு. என் எம்.ஏ. பசங்களுக்கு இந்தக் கன்னடம் வராது," என்று அவள் எழுதிய அழகுக்கு உருகினார். கமிட்டியில் அவர் வாயிலிருந்து வந்தது முழங்கால் விஷயம் மட்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் நடுநிலை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஐந்தரை மணிக்கு முடிவு வந்தது. கோட்டைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வது. என்ன குற்றம் என்பதைப் பிறகு, தேவைப்பட்டால், ஆபீஸ் நிரப்பிக்கொள்ளும். பிரின்சிபால் இதைச் சொன்னபோது எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. நானும் தலையாட்டினேன். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அமுதா மறுத்துவிட்டாள். அடுத்த நாள் அவள் அப்பாவை வரவழைத்தோம். கிளப் யூனிபார்ம் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் முன்னால் நின்றார். உட்காருங்கள் என்றும் உட்காரவில்லை.

"மேடம், அவ பி.எட். சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கா. இந்தப் பரீட்சை போச்சுன்னா ஒரு வருசம் போச்சு. அவளுக்கப்புறம் ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு. கையெழுத்துதானே, போட்டுடுவா. நான் சொல்றேன்."

"சொல்லுங்கண்ணா. புத்தி சொல்லுங்க," என்றேன்.

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது. கோட்டின் மேல் விரலை வைத்து, "இங்க என்னா எழுதியிருக்கு?" என்றார்.

"அது காலியா இருக்கு. அப்புறம் நாங்க எழுதிக்குவோம்."

அவர் விரலை எடுத்துவிட்டார். "மில்லுல இருந்தப்போ ஒரு தபா காலிக் காயிதத்துல கையெழுத்து வாங்கினாங்க மேடம். லீவுக்குன்னாங்க. நானே ராஜினாமா பண்ணேன்னு பின்னால எழுதிக்கினாங்க. அதுலேர்ந்துதான் பாத்திரம் கழுவறேன்." படிவத்தை என் மேஜையில் வைத்தார். "தப்பு இன்னான்னு எழுதிக் குடுங்க. நெசம்னா நானே அவள அறைஞ்சு போட வைக்கிறேன். காலியா மட்டும் வேணாம்." வெளியே போய் மகள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளிடம் என்ன சொன்னாரோ தெரியாது. இருவரும் எழுந்து சிவாஜிநகர் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அவர் விரலை எடுத்த விதம் போகவே மாட்டேன் என்றது. காலிக் கோட்டில் எழுதிக்கொண்டவன் மில்லில் ஒரு கிளார்க்காகத்தான் இருந்திருப்பான். என்னைப் போல ஒருத்தன். அவனும் ஏதோ ஒரு ஆர்டருக்குக் காத்திருந்திருப்பான்.

திங்கட்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை நான் ஒரு ஆபீஸ் நோட் போட்டேன். அரைப் பக்கம்கூட இல்லை. "மேற்படி மாணவியின் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டதன் காரணம்: ............ . பிரின்சிபால் கையொப்பம்: ............" அதைப் பிரின்சிபாலின் மேஜையில் வைத்தேன்.

அவர் பார்த்தார். பேனாவை எடுத்தார், மூடினார். "இது எதுக்கு மேடம், எழுத்துல எல்லாம்?"

"நாளைக்கு யூனிவர்சிட்டி கேட்டா காட்டணும் சார்."

"கொடுத்துட்டா கேட்க மாட்டாங்களே."

"கொடுங்கன்னு எழுதிக் குடுங்க சார், கொடுத்துடறேன்."

நிறுத்து என்றும் எழுதவில்லை, கொடு என்றும் எழுதவில்லை. கொடுத்தால் பெரியப்பா, கொடுக்காவிட்டால் கோர்ட். "நீவே நோட்கொள்ளி மேடம்," என்றார், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஆனேக்கல்லில் ஒரு கிருகப்பிரவேசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே காரில் ஏறிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஆனேக்கல் போனதாக எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை காதர் பாயை அல்சூருக்கு அனுப்பி அமுதாவை வரச் சொன்னேன். டிராயரைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்தேன். ரிஜிஸ்டரில் "என் பொறுப்பில் வழங்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் எனக்கு நிரந்தர ஆர்டர் வர இன்னும் நான்கு வருடம் ஆனது. அது போகட்டும்.

அவள் டிக்கெட்டை வாங்கிப் போட்டோவைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், பையில் வைத்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

"மேடம், அந்த மன்னிப்பு ஃபார்ம் ஒண்ணு குடுங்க," என்றாள்.

"அதெல்லாம் இனிமே வேணாம்மா. டிக்கெட்தான் கைக்கு வந்துடுச்சே. நீ போய்ப் படி."

"எனக்கில்ல மேடம்."

காதர் பாய் அலமாரியிலிருந்து ஒன்றை உருவி அவளிடம் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார், அந்த மனுஷன். அவள் அதை என் பக்கம் திருப்பி மேஜையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒன்பது நாள் உங்க டிராயர்ல இருந்தது மேடம். எங்கப்பா ஒன்பது நாளும் தூங்கல. கமிட்டிக்காரங்களுக்கு இந்தக் கோட்டுல என்ன எழுதறதுன்னு தெரியல. உங்களுக்குத் தெரியும்."

கோபம் வந்தது எனக்கு. இருபது வயதுப் பெண், நான் அவள் அம்மாவுக்கு மூத்தவள். எழுந்து போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் கோட்டையும் என்னால் நிரப்பியிருக்க முடியாது.

பேனாவை எடுத்தேன். நான்கு பேர் ஒரு மத்தியானம் முழுக்கத் திணறிய கோட்டை நான் ஒரு நிமிடத்தில் நிரப்பினேன். "எழுத்தில் இல்லாத ஓர் உத்தரவுக்காக, தவறு எதுவும் செய்யாத ஒரு மாணவியின் ஹால் டிக்கெட்டை ஒன்பது நாள் பூட்டி வைத்திருந்தேன், என் பதவிக்குப் பயந்து." கோடு போதவில்லை, ஓரத்தில் இறக்கி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவள் குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"சீல்?" என்றாள்.

குத்தினேன். பத்து வருடத்தில் முழுசாகப் படித்துவிட்டு நான் சீல் குத்திய முதல் தாள் அதுதான். எடுத்துக்கொண்டு போ என்று நீட்டினேன். "எனக்கு எதுக்கு மேடம்? மத்ததெல்லாம் இருக்கற ஃபைல்லயே வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பரீட்சை எழுதினாள், பாஸும் பண்ணினாள். பி.எட். முடித்து இப்போது எங்கேயோ கெமிஸ்ட்ரி டீச்சராக இருப்பதாகக் கேள்வி. என்னை வந்து பார்த்ததில்லை. வர வேண்டிய கடன் அவளுக்கு என்ன இருக்கிறது?

அந்தக் கட்டின் நடுவில் எங்கோ, என் கையெழுத்தோடு இருக்கும் தாள் அது. கரையான் அதுவரை போயிருக்காது என்று நினைக்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் யாராவது வாயால் ஒரு ஆர்டர் போடுவார்கள், உங்களுக்கும் ஏதாவது ஒரு ஆர்டர் வரவேண்டி இருக்கும். கட்டைத் தூக்கிப் போடுவதானால் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் தாளை மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள்.